ஈரல் கொடுக்க வேண்டும், ஆனால் பயமாக இருக்கிறது

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் பெண் குழந்தைக்கு எட்டு மாதம் முடிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்தே மஞ்சள் காமாலை. இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு இருந்துவிட்டோம். அப்புறம் பிலியரி அட்ரீசியா, அதாவது பித்தக்குழாய் அடைபட்டிருக்கும் நோய் என்று கண்டுபிடித்து, 80-வது நாளில் பித்தநீர் வடிய ஈரலைக் குடலோடு இணைக்கும் கசாய் ஆபரேஷன் செய்தார்கள். அது கை கொடுக்கவில்லை. இப்போது வயிறு உப்பி, கைகால் மெலிந்து, எடை 6 கிலோவிலேயே நிற்கிறது. கல்லீரல் மாற்றுதான் வழி, வீட்டில் யாராவது கொடுக்க முன்வாருங்கள் என்கிறார்கள். எனக்கும் குழந்தைக்கும் பி பாசிட்டிவ். கணவர் ஓ நெகட்டிவ். அவருக்கு ஈரலில் கொழுப்பு இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்க்கிறார், அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மாமியார், “என்னோடதை எடுத்துக்கோங்க” என்றார். 61 வயது என்பதால் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதிலிருந்து எல்லோர் பார்வையும் என்மேல்தான். என் தம்பிக்கு 24 வயது, கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கும் பி பாசிட்டிவ். “தாய்மாமன் நான் இருக்கேன், நான் தர்றேன்” என்கிறான். சட்டம் அதற்கு இடம் கொடுக்குமா? நான் கொடுத்தால் இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? யாரிடமும் சொல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கப் பயப்படுகிற நான் என்ன அம்மா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா. நீங்கள் நல்ல அம்மாதான். நோய் நொடி இல்லாத ஒருவர் இன்னொருவருக்காக வயிற்றைக் கிழித்துக்கொள்ளப் படுக்கப்போகிறார் என்றால் பயம் வராமல் எப்படி இருக்கும்? எங்களிடம் வரும் டோனர்களில் “எனக்குப் பயமே இல்லை, எங்கே கையெழுத்துப் போடணும்” என்று வருகிறவர்களிடம்தான் நாங்கள் கூடுதல் நேரம் உட்கார்ந்து பேசுவோம். பயப்படுகிறவர் கேள்வி கேட்பார். கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டு தருகிற சம்மதம்தான் எங்களுக்கு வேண்டியது.

நீங்கள் பயப்படும் விஷயத்தையும் மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தைக்கு ஈரல் தருகிறவரிடம் இடது பக்க ஓரத்துப் பகுதியைத்தான் எடுப்பார்கள். மொத்த ஈரலில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நான்கில் ஒரு பங்கு. எடை ஏறக்குறைய 200 முதல் 250 கிராம். பெரியவர்களுக்குத் தருபவர்கள் வலது பாதியைக் கொடுக்கிறார்கள், அதில் ஈரலின் அறுபது சதவீதத்துக்கு மேல் போய்விடும். அதோடு ஒப்பிட்டால் உங்களுக்கு நடப்பது பாதுகாப்பானது. ஆனாலும் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பகுதியைக் கொடுப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு உயிராபத்து என்பதுதான் மருத்துவ உலகம் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பித்தநீர் கசிவு, இரத்தப்போக்கு, புண்ணில் சீழ், பின்னாளில் தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் ஆகியவை அதைவிட அதிகமாக வரக்கூடியவை. பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். சிலருக்கு அதற்காக மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டிவரும். உங்களுக்குச் செய்யப்போகும் டாக்டரிடம், “இதுவரை எத்தனை டோனர்களுக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களுக்கு என்னென்ன சிக்கல் வந்தது” என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று நினைக்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.

மிச்சம் இருக்கும் ஈரல் வளர்ந்து பழைய அளவை நெருங்கிவிடும். அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே நடந்துவிடும். டோனருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை தேவையில்லை, அவ்வப்போது பரிசோதனை போதும். சிக்கல் இல்லையென்றால் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒன்றரை மாதத்தில் வீட்டு வேலை, அலுவலக வேலை பார்க்கலாம். கனமான பொருள் தூக்குவதை மட்டும் மூன்று மாதம் வரை தள்ளிப்போடச் சொல்வோம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் அதில் அடக்கம்.

அடுத்த குழந்தை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈரல் கொடுத்த பிறகு கருத்தரித்து நல்லபடியாகப் பெற்றெடுத்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கர்ப்பப்பைக்கும் இந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தம் இல்லை. வயிற்றுத் தையல் நன்றாக ஆறி, உடம்பு தேற ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்போம். நீங்கள் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரத்தம் உறைவதைத் தூண்டக்கூடியது என்பதால் ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மாமியார் எதிரில் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இனி, “எல்லோர் பார்வையும் என்மேல்தான்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த வரிதான். எந்த மருத்துவமனையில் பார்த்தாலும் டோனர் படுக்கையில் இருப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். அம்மா, மனைவி, அக்கா. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் குடும்பம் என்ன ஆகும் என்ற கணக்கில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்தக் கணக்கை உங்களைக் கேட்காமலே போட்டு முடித்துவிடுகிறார்கள். 2014-ல் வந்த உறுப்பு மாற்று விதிகள், டோனர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றும், அவருடைய சுயமான சம்மதத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. சும்மா எழுதிவைக்கவில்லை, இந்த நாட்டில் அது தேவைப்பட்டது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால், உங்களைத் தனி அறையில் உட்காரவைப்பார்கள். கணவர், மாமியார், உங்கள் அம்மா யாரும் உள்ளே இருக்கக் கூடாது. குழந்தையின் சிகிச்சையைப் பார்க்காத டாக்டர் ஒருவர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் என்று தனித்தனியாகப் பேசுவார்கள். உங்களை யாராவது வற்புறுத்தினார்களா, கொடுக்காவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். அங்கே இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். “எனக்கு வேண்டாம்” என்று சொல்ல நினைத்தாலும் சொல்லலாம். மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை மனம் மாறலாம். அப்படி நடந்தால், “இவர் டோனராக இருக்கப் பொருத்தமில்லை” என்று மட்டும்தான் வீட்டாரிடம் சொல்வோம். காரணம் அந்த அறையைத் தாண்டாது. உங்களை ஒதுங்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. விலக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தபின் தரும் சம்மதம்தான் முழுச் சம்மதம் என்பதால் எழுதுகிறேன். தனியாகப் பேசாமல் நேராகக் கையெழுத்துக்கு வரச் சொல்லும் இடமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

சரி, யார் கொடுப்பது? உங்கள் கணவரை யாரும் அவசரப்பட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டாம். ஓ பிரிவு எந்தப் பிரிவுக்கும் கொடுக்கலாம், ஈரலுக்குப் பாசிட்டிவ் நெகட்டிவ் வித்தியாசம் தடையில்லை. கொழுப்பு என்றார்களே, எவ்வளவு என்று கேட்டீர்களா? லேசாக இருந்தால் சில இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். நடுத்தரமாக இருந்தால் ஒன்றிரண்டு மாதம் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, தினமும் வேர்க்க நடந்து, குடிப்பழக்கம் இருந்தால் அடியோடு நிறுத்தினால் கணிசமாகக் குறைந்துவிடும். அந்த ஒன்றிரண்டு மாதம் குழந்தை தாங்குவாளா என்பதை அவளைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். தாங்குவாள் என்றால் அவரும் இன்றே தொடங்கட்டும். லேத் வேலையில் கனம் தூக்க வேண்டியிருக்கும், மூன்று மாதச் சம்பளம் நின்றால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். அது அற்பமான கேள்வி இல்லை.

உங்கள் பக்கம் மருத்துவக் காரணம் ஒன்று இருக்கிறது. 6 கிலோக் குழந்தையின் வயிற்றில் இடம் கொஞ்சம்தான். ஆஜானுபாகுவான ஆண் ஒருவரின் இடது ஓரமே அவளுக்குப் பெரிதாகிவிடலாம், வயிற்றை மூட முடியாமல் போகலாம். அப்போது எடுத்த பகுதியையே இன்னும் சிறிதாக்கித்தான் வைப்பார்கள். மெல்லிய உடம்புள்ள அம்மாவின் ஈரல் கைக்குழந்தைக்கு அளவாக அமைவது உண்டு. ஆனால் இதை சிடி ஸ்கேனில் அளந்து பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும், அம்மா என்பதற்காக அல்ல. அதனால் என் யோசனை: உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பரிசோதனை நடக்கட்டும். இரத்தம், சர்க்கரை, மஞ்சள் காமாலைக் கிருமிகள், இதயம், ஈரலின் இரத்தக்குழாய்களுக்கு சிடி, பித்தக்குழாய்களுக்கு எம்ஆர்ஐ எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். நீங்கள் கொடுத்தால் குழந்தை ஐசியுவில் இருக்கும் அந்த நாட்களில் நீங்களும் வேறு வார்டில் வலியோடு படுத்திருப்பீர்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அது தடைப்படும். அவளை யார் பார்த்துக்கொள்வது, அவள் அழுதால் யார் குரல் கேட்டு அடங்குவாள் என்று இப்போதே பழக்கப்படுத்துங்கள். “என்னோடதை எடுத்துக்கோங்க” என்று சொன்ன மாமியார் இருக்கிறாரே, அவரை இன்றிலிருந்தே குழந்தைக்கு மருந்து கொடுக்கவும் டயாப்பர் மாற்றவும் விடுங்கள். அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

தம்பி விஷயம். சட்டத்தில் நெருங்கிய உறவு என்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். கடைசி இரண்டும் 2011 திருத்தத்தில் சேர்ந்தவை. தாய்மாமன் அந்தப் பட்டியலில் இல்லை. காது குத்துக்கு மடியில் உட்காரவைக்கிற உறவை நம்மால் ‘தூரத்து உறவு’ என்று நினைக்கவே முடியாது, ஆனால் சட்டத்தின் கண்ணில் அப்படித்தான். அதற்காகக் கொடுக்கவே முடியாது என்று ஆகிவிடாது. பாசத்தால் தருகிறேன் என்பவருக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழுவிடம் விண்ணப்பித்து, உறவுக்கான சான்றுகளைக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டும். பணம் எதுவும் கைமாறவில்லை என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். உறுப்பை விலைக்கு வாங்கினால் பத்து வருடம் வரை சிறை என்று சட்டம் இருப்பதால் குழு துருவித் துருவிக் கேட்கும், அதில் வருத்தப்பட வேண்டாம். உங்களையும் தம்பியையும் இணைக்கும் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டை, குடும்பப் போட்டோக்கள் எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவையுங்கள். மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் மீதியைச் சொல்வார்.

ஆனால் அவனை உடனே முன்னால் நிறுத்த வேண்டாம் என்பேன். 24 வயதில் உணர்ச்சிவசப்பட்டு ‘நான் தர்றேன்’ என்பது அழகுதான். அவனையும் தனி அறையில் உட்காரவைத்து இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். வயிற்றில் நிரந்தரமான தழும்பு இருக்கும், நாளைக்குப் பெண் பார்க்கும்போது இதைச் சொல்ல வேண்டிவரும், அதை அவன் யோசித்திருக்கிறானா? உங்கள் இருவருக்கும் முடியாது என்று தெரிந்தபின் மூன்றாவதாக அவன் வரட்டும்.

இறந்தவர் ஈரலுக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் குழந்தையின் பெயரைப் பதிந்துவைக்க முடியுமா என்றும் உங்கள் மருத்துவமனையில் கேளுங்கள். பதிவு இருப்பதில் நஷ்டம் இல்லை. ஆனால் இவ்வளவு சிறிய குழந்தைக்குப் பொருந்துவது வருவது அபூர்வம், அதை மட்டும் நம்பியிருக்க நேரம் இல்லை.

உங்களுக்குத் தெம்பு தருவதற்காக ஒன்று சொல்கிறேன். 1989-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஓர் அம்மா தன் மகனுக்குக் கொடுத்ததுதான் உயிரோடிருப்பவர் ஈரல் கொடுத்து வெற்றி பெற்ற முதல் ஆபரேஷன். இந்தியாவில் முதல் குழந்தை நம் காஞ்சிபுரத்துப் பிள்ளை. உங்கள் மகளுக்கு இருக்கும் அதே நோய். 1998 நவம்பரில் டெல்லியில் அப்பாவின் ஈரல் பகுதியைப் பெற்று, வளர்ந்து, டாக்டருக்கே படித்துவிட்டார். இன்று அனுபவமுள்ள மையங்களில் முதல் வருடத்தைத் தாண்டும் குழந்தைகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். சென்னையில் அப்படிப்பட்ட மையங்கள் இருக்கின்றன.

ஆபரேஷன் அறையில் நான் பார்த்துச் சலிக்காத காட்சி ஒன்று உண்டு. பனிக்கட்டிக் கிண்ணத்தில் வெளிறி, சாம்பல் நிறத்தில் கிடக்கும் அந்த உள்ளங்கை அளவுத் துண்டைக் குழந்தையின் குழாய்களோடு தைத்து, இரத்தத்தை நிறுத்திவைத்திருக்கும் கிளாம்ப்பைத் திறந்ததும் ஓரத்திலிருந்து சிவப்பு ஏறிவரும். கொஞ்ச நேரத்தில் பித்தக்குழாயின் வெட்டுவாயில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு நிற்கும். ஈரல் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சில நாளில் டயாப்பரில் மஞ்சளாக மலம் போகும். பிறந்ததிலிருந்து சுண்ணாம்பு நிறத்திலேயே பார்த்து வந்த அம்மாக்கள் அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்புவார்கள்.

அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஈரலுக்குப் போகும் தமனியில் இரத்தம் உறைந்துவிடுகிறதா என்று தினமும் டாப்ளர் ஸ்கேன் பார்ப்பார்கள், சமயத்தில் திரும்ப ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோக வேண்டிவரும். உடம்பு புது ஈரலை எதிர்ப்பதும் சகஜம், மருந்தை ஏற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பொதுவாக வாழ்நாள் முழுக்க. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று பதின்வயதில் நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு மனம் உடைகிறது. மற்றபடி அவள் பள்ளிக்கூடம் போவாள், விளையாடுவாள், எல்லாம்.

பணம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியும், கல்லீரல் மாற்றும் அதில் வருகிறது. எஸ்டேட்டில் வேலை என்பதால் கணவருக்கு இஎஸ்ஐ இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கே செய்தாலும் டோனர் செலவு, ஆபரேஷனுக்குப் பிந்தைய மருந்துச் செலவு இரண்டும் சேர்ந்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லையென்றாலோ, மலம் வெளுத்துப்போனாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். நேரடி பிலிருபின் அளவு பார்க்கும் ஓர் இரத்தப் பரிசோதனை போதும், சந்தேகம் தெரிந்துவிடும். கசாய் ஆபரேஷனை அறுபது நாளுக்குள் செய்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கீழாநெல்லி உட்பட எந்த நாட்டு மருந்தும் அடைபட்ட பித்தக்குழாயைத் திறக்காது. அம்மா, உங்கள் குழந்தைக்கு நேர்ந்த தாமதத்துக்கு உங்களை நீங்கள் திட்டிக்கொள்ள வேண்டாம். இந்தத் தகவலை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் வரை அவள் எடைதான் உங்கள் வேலை. பித்தநீர் குறைவாக இருந்தாலும் எளிதில் செரிக்கும் எம்சிடி எண்ணெய் கலந்த உணவு, ஏ, டி, இ, கே வைட்டமின்கள், வாயால் போதவில்லை என்றால் இரவில் மூக்குக்குழாய் வழியாகப் பால். மூக்கில் குழாயோடு பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும், பக்கத்து வீட்டார் கேட்பார்கள், இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நன்றாகத் தேறி ஆபரேஷன் மேஜைக்கு வரும் குழந்தை நன்றாகப் பிழைக்கிறது. வயிற்றில் நீர் இருப்பதால் மொத்த எடை ஏமாற்றும், கைச்சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை மாற்றுக்குப் பின் பொதுவாகப் போட மாட்டார்கள், அதனால் முன்கூட்டியே போட முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள், ஆபரேஷனுக்கும் ஊசிக்கும் நாலு வாரமாவது இடைவெளி வேண்டும். கசாய் செய்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பித்தக்குழாயில் கிருமித் தொற்றாக இருக்கலாம். வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் தெரிந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ அதுவும் அவசரம்தான். அப்பாயின்ட்மென்ட் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல், பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் இருக்காமல், ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.